மென்ற மண்

மூக்கையா மண் மெல்லும்போது பல்லுக்கிடையில் மணல் நறநறவென்று அரையும். அந்தச் சத்தம் கேட்டால் ராக்கம்மாவுக்குத் தன் பல்லே கூசும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிப்பதற்கு முன்னமே அவள் எழுந்து, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றுகொள்வாள். மழையாக இருந்தாலும் நிற்பாள். உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்பதைவிட நனைவது மேல்.

மென்றதை முழுவதும் அவனே விழுங்கினால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவன் பாதியைத்தான் விழுங்குவான். மீதியை எச்சிலோடு உள்ளங்கையில் துப்பி வைத்துக்கொள்வான். அதை வாங்கிக்கொள்ள வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள். முதல் ஆள் எப்போதும் சுவரை ஒட்டிய அடுத்த காம்பராவின் சுப்பம்மாதான். அவள் சேலையை முழங்கால்வரை சுருட்டி, கெண்டைக்காலில் சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்துக் காலை நீட்டுவாள். மூக்கையா குனிந்து மென்ற மண்ணை அந்தப் புண்ணில் அப்புவான். நேற்றைய மண் காய்ந்து ஓடு கட்டியிருக்கும். ஓட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ கசிந்துகொண்டிருக்கும். அதன் மேலேயே இன்றைய மண். சுப்பம்மா கண்ணை மூடி, "தாயே" என்பாள்.

அந்த நாற்றம் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கூரைப் புல்லில்கூட ஏறிப்போயிருந்தது. ராக்கம்மா சோறு வடிக்கும் கஞ்சியிலும் அது இருந்தது.

"என்னாடி மூஞ்சியச் சுளிக்கிற?" என்று சுப்பம்மா கேட்பாள். "ஒம் புருசன் எச்சி ஒனக்குக் கசக்குதா?"

"கல்யாணம் கட்டுன நாள்லயிருந்து எனக்கு வேணுங்கிற அளவு கெடைச்சிருச்சுக்கா. மிச்சத்த நீங்க பூசிக்கிங்க."

காத்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே சிரிப்பார்கள். ராக்கம்மாவின் வாய்த்துடுக்கை அவர்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவளும் கீழ் லயத்துக்காரி. மண்ணுக்குத் தப்பியவள்.

அது நடந்தது போன மார்கழியில். கண்டிக்கு அப்பால் ஹுன்னஸ்கிரிய மலைக்காட்டை வெட்டி எரித்துவிட்டு உச்சியிலிருந்து அடிவாரம்வரை கோப்பி வைத்த தோட்டம் அது. மண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு பெரிய மரத்து வேர்கூட மிச்சமில்லாத அந்தச் சரிவின் அடியில்தான் கீழ் லயம் இருந்தது. மழை விடவே இல்லை. ஆட்கள் வேலைக்குப் போக வழியில்லாமல் காம்பராக்களில் குந்தியிருந்த ஒரு மத்தியானம், மலை தன் மேல் நின்ற கோப்பிச் செடிகளோடு அப்படியே நகர்ந்து வந்து லயத்தின் மேல் உட்கார்ந்தது. ராக்கம்மா அரிசி வாங்க மேட்டு ஸ்டோருக்குப் போயிருந்தாள். பிழைத்த மற்றவர்களும் அப்படித்தான். ஒருவன் விறகுக்குப் போயிருந்தான். சுப்பம்மா ஓடைக்கரைக்கு ஓடியிருந்தாள். மலையில் குடியிருக்கும் தாயி தன்னை வெளியே கூப்பிட்டாள் என்று சுப்பம்மா பிற்பாடு சொல்லிக்கொண்டாள். அன்று காலையிலிருந்தே அவளை ஓடைக்கரைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது வயிற்றுப்போக்குதான் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்வதில்லை. அவளுடைய நாலு பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள்.

மண்ணுக்குள்ளிருந்து உயிரோடு வந்தவன் மூக்கையா ஒருவன்தான். சாயங்காலம் தோண்டும்போது ஒரு முழங்கை தெரிந்தது. இழுத்துப் போட்டார்கள். வாய் முழுக்க மண். செத்தவன் என்றுதான் நினைத்தார்கள். அழகமுத்துக் கங்காணி விரலை விட்டு மண்ணை வழித்தபோது மூக்கையா அந்த விரலைக் கடித்துவிட்டான். மூக்கையாவுக்கும் ராக்கம்மாவுக்கும் பிறந்த சின்னான் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் தோண்டினார்கள். பிறகு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போதும் என்றார். மழை ஓய்ந்ததும் அந்த மண்ணின் மேலேயே வரிசை பிடித்துக் குழி வெட்டிப் புதுக் கோப்பிக் கன்று நட்டார்கள். குழி வெட்டியவர்களில் ராக்கம்மாவும் ஒருத்தி.

பிழைத்தவர்களை வேறொரு லயத்தில் குடிவைத்தார்கள். அதற்குப் பிறகு மூக்கையாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் வைத்தால் குமட்டுகிறது என்றான். கொஞ்சம் கொஞ்சமாக முகம் வெளுத்து ஊதியது. கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. ஓடையிலிருந்து லயத்துக்கு ஏறுவதற்குள் வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினான். ஒருநாள் அவன் சரிவில் குந்திக்கொண்டு மண்ணைக் கிள்ளி வாயில் போடுவதைச் சுப்பம்மா பார்த்தாள்.

"தாயி தன் கையால ஊட்டுன வாயி அது. இனிமே வேற சோறு எறங்குமா?" என்றாள்.

அவள்தான் முதலில் அந்த மண்ணை வாங்கிப் புண்ணில் பூசியவள். அந்த வாரம் புண் வலிக்கவில்லை. அல்லது வலிக்கவில்லை என்று சொன்னாள். அவ்வளவு போதுமாக இருந்தது. பிழைத்தவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருந்தது: ஆறாத புண், விட்டு விட்டு வரும் குளிர்காய்ச்சல், நிற்காத வயிற்றுப்போக்கு. எல்லாரும் வரத் தொடங்கினார்கள். சரிவில் துருத்திக்கொண்டு நின்ற ஒரு பாறைக்கு மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி கட்டினார்கள். புண்ணுக்குப் பூசுகிறவர்கள் பூசினார்கள். வயிற்றுக்காரர்கள் கையேந்தி வாங்கி நக்கினார்கள். அதைப் பார்த்த அன்று ராக்கம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை.

கோப்பி மூட்டை ஏற்றக் கண்டியிலிருந்து மாட்டு வண்டி கொண்டுவருகிறவர் சாஹுல் ஹமீது. தாடி நரைத்த மனிதர். தோட்டத்தில் எல்லாரும் அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடுவார்கள். ஸ்டோர் வாசலில் மூட்டைகளை ஏற்றிவிட்டு வெற்றிலை போடும்போது ஒருநாள் மூக்கையா நடந்துபோவதைப் பார்த்தார். வெற்றிலையை மடித்த கை நின்றது.

"தங்கச்சி, அது ஒங்கட மாப்பிள்ளையா?"

"ஆமா நானா."

"மண்ணு திங்கிறாரு, என்ன?"

ராக்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் ஒண்டு செல்றன், கோவிச்சுக்காதீங்க. இது சாமியும் இல்ல, சைத்தானும் இல்ல. ரெத்தம் வத்துற சீக்கு. ஹந்தானைப் பக்கம் ஒரு தோட்டத்தில இப்பிடித்தான் ஒருத்தன் மண்ணத் திண்டு திண்டு ஊதி மௌத்தாப் போனான். அவன்ட தம்பிக்கும் இதே சீக்கு. அவன ஆஸ்பத்திரியில போட்டாங்க. இப்ப எனக்கு மூட்டை தூக்கித் தாறான்."

"ஆஸ்பத்திரிக்கு எப்பிடிப் போறது?"

"நடந்து போக ஏலாது. மூட்டைக்கு மேல படுக்கவெச்சுக் கொண்டு போறன். மார்கழி பொறந்து ஒரு நட வருவன். அது தப்பினா ஆத்துல தண்ணி எறங்கினதுக்குப் பொறகுதான். வெள்ளம் ஏறினா மகாவலி துறையில வண்டி எறக்க மாட்டாங்க." அவர் மூக்கையா போன திசையைப் பார்த்தார். "அது வரைக்கும் அவரு தாங்க மாட்டாரு."

அவர் சொன்னபடி வண்டி வருவதாக இருந்த நாளும், மண் சரிந்து வருசம் திரும்பும் நாளும் ஒன்றாக வந்தன. அந்த நாளுக்கு லயத்தில் வேறு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பாறைக்கு முன்னால் மூக்கையாவுக்குக் காப்புக் கட்டுவது, ஒரு மண்டலம் அவன் சோறு தண்ணி தொடாமல் மண்ணும் இளநீரும் மட்டும் எடுப்பது, அதோடு எல்லாருடைய பிணியும் தீர்வது என்று முடிவாகியிருந்தது. காப்புக் கட்டியவன் எல்லை தாண்டக் கூடாது. தாண்டினால் அவனுக்கு மட்டுமல்ல, கட்டிவிட்ட சனம் முழுவதுக்கும் கேடு.

ராக்கம்மா கங்காணியிடம் போனாள்.

"காப்பு வேணாங்க. கட்டினா மண்டலம் முடியிறதுக்குள்ள செத்துப்போயிருவாரு."

அழகமுத்து மண்வெட்டிப் பிடியில் சாய்ந்துகொண்டு நின்றார். கடிபட்ட விரல் இன்னும் வளைந்தே இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனவன் எவனாச்சும் திரும்பி வந்து நீ பாத்திருக்கியா? வெட்டிப் பாக்கிறாங்களாம்."

"இங்க இருந்தா மட்டும்?"

"இந்தா பாரு ராக்கம்மா. அந்த மண்ணு இருக்கிறதாலதான் இந்தச் சனம் காலையில எந்திரிச்சுப் பெரட்டுக்கு வருது. அது இல்லாட்டி என்னைக்கோ மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போறேன்னு மன்னாரு வழியில நடந்திருக்கும். நடந்த வழியிலயே பாதி செத்திருக்கும். ஒம் புருசன் வாயில என்னா இருக்குன்னு நானா பாத்தேன்? நாலு பேரு எந்திரிச்சு நிக்கிறானுங்க. அத நான் கெடுக்க மாட்டேன்."

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஓடைக்கரையில் மூக்கையாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நயமாகப் பேசிப் பார்த்தாள். வண்டியைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கட்டில் இருக்கும் என்றாள். அவன் கேட்டுக்கொண்டே மடியிலிருந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து வாயில் போட்டான்.

"அதத் துப்புங்க. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

"துப்புனா கை காலியாப் போகுது புள்ள."

"கையா?"

அவன் வலது கையை விரித்துப் பார்த்தான். உள்ளங்கைக் கோடுகள்கூட வெளுத்திருந்தன.

"உள்ள கெடந்தப்ப இந்தக் கையில சின்னான் காலு இருந்துச்சு. கணுக்காலு. சூடா இருந்துச்சு. அப்புறம் சூடு போயிருச்சு. அப்புறம் காலும் இல்ல. எப்ப விட்டேன்னு தெரியல. வாயில மண்ணு இருக்கிறப்ப மட்டும் கையில அது இருக்கிற மாதிரி இருக்கு."

அவனை அணைத்துக்கொள்ள வேண்டிய இடம் அது. ராக்கம்மாவுக்கும் அது தெரிந்தது. ஆனால் அவள் கண் அவனுடைய வாயிலேயே இருந்தது. அரைபட்டுக்கொண்டிருந்த அந்தச் சரிவு மண்ணுக்குள்தான் தன் பிள்ளை ஒரு வருசமாகக் கிடக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் எழுந்து ஓடையின் ஓரத்துக்கு ஓடி வாந்தியெடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது அவன் மென்றுகொண்டேயிருந்தான்.

வருச நாள் வந்தது. விடிந்ததும் மூடுபனி விலகாத சரிவில், புதுக் கோப்பிக் கன்றுகளுக்கு நடுவே எல்லாரும் கூடினார்கள். அந்தக் கன்றுகளின் இலைக்கு அடியிலும் கோப்பி நோயின் மஞ்சள் தூள் பிடிக்கத் தொடங்கியிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. மேட்டில் ஸ்டோர் வாசலில் சாஹுல் ஹமீதின் வண்டி நின்றது. மூட்டை ஏற்றும் சத்தம் இங்கே கேட்டது. தப்பு அடித்தார்கள். மூக்கையாவைக் குளிப்பாட்டி ஈரத் துண்டோடு பாறைக்கு முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். குளிரில் அவன் ஊதிய கன்னங்கள் அதிர்ந்தன. அழகமுத்து மஞ்சள் துண்டு கட்டிய நூலைத் தட்டிலிருந்து எடுத்தார்.

ராக்கம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

முதலில் போட்ட கூச்சல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. பூனை மிதிபட்டதுபோல. இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தட்டைப் பார்த்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை கத்தினாள். தலையைச் சுழற்றினாள். ஊரில் சாமி வந்தவர்கள் ஆடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கால் எப்படி வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று நினைத்து நினைத்து ஆடினாள். இந்தக் கூத்தில் தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தப்புக்காரன் பழக்கத்தில் அடியை வேகப்படுத்திவிட்டான். அது உதவியாக இருந்தது.

சுப்பம்மாதான் நம்பவில்லை. "இவளா? எங்க மண்ணப் பாத்து மூக்கப் பொத்துனவ இவ. இவ மேல தாயி வருவாளா? தாயின்னா சூடத்த ஏந்தச் சொல்லுங்க!"

யாரோ கட்டிச் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தார்கள். ராக்கம்மா நாக்கை நீட்டினாள். சூடு ஏறியது, கசந்தது, நெஞ்சுவரை புகை போனது. வாயை மூடினாள். தப்புச் சத்தம் நின்றது. சுப்பம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"என் மண்ண வாயில வைக்காத!" ராக்கம்மாவின் குரல் பொசுங்கிய நாக்கில் தடித்து வேறொருத்தியுடையதுபோல வந்தது. "பூசாத! திங்காத! போதும்! இவன எல்லை தாண்டி அனுப்பு. இப்பவே அனுப்பு!"

எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இவ்வளவோடு முடிந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மூக்கையா நகர்ந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"தாயே, எம் மவன் எங்க? அவன் காலு என் கையிலதான் இருந்துச்சு. நான் எப்ப தாயே விட்டேன்?"

அவன் நடிக்கவில்லை. அவன் பேசியது ராக்கம்மாவிடம் இல்லை. அவளுக்கு ஆட்டம் நின்றுவிட்டது. காலடியில் அவன் விரல்கள் பனிக்கட்டிபோல இருந்தன. பதில் சொல்லாவிட்டால் அவன் எழுந்திருக்க மாட்டான். மேட்டில் மாட்டை நுகத்தடியில் பூட்டுகிறார்கள்.

"நீ விடல," என்றாள். "நான்தான் கேட்டேன். நீ குடுத்த. பத்திரமா வாங்கிக்கிட்டேன்."

மூக்கையா விசும்பினான். பிறகு வாய்க்குள் விரலை விட்டு, கன்னத்தில் அடக்கி வைத்திருந்த மண் முழுவதையும் வழித்துப் பாறைக்கு முன்னால் வைத்தான். எச்சில் நூலாக இழுத்தது.

கங்காணி மஞ்சள் நூலோடு நின்றுகொண்டிருந்தார். "எடுத்த காப்ப வெறுமனே தட்டுல வைக்கக் கூடாது தாயே. யாருக்குக் கட்டுறது?"

அதை அவள் யோசித்திருக்கவே இல்லை. எல்லாக் கண்ணும் அவள் மேல் இருந்தன. வண்டிக்காரர் மாட்டை அதட்டினார். வேறு வழி தெரியாமல் அவள் தன் கையை நீட்டினாள்.

"இந்தக் கட்டைக்குக் கட்டு."

இரண்டு ஆட்கள் மூக்கையாவைக் கைத்தாங்கலாக மேட்டுக்குக் கூட்டிப்போய் மூட்டைகளின் மேல் படுக்கவைத்தார்கள். ராக்கம்மா பின்னால் போனாள். ஓடைப் பாலம்தான் தோட்டத்தின் எல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். மணிக்கட்டில் மஞ்சள் நூல். அவன் மூட்டை மேல் எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினான். "போயிட்டு வர்றேன் தாயே," என்றான். எட்டு வருசமாக அவளை 'புள்ள' என்று கூப்பிட்டவன்.

மறுநாள் காலையில் அவள் கதவைத் திறந்தபோது வாசலில் அவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பம்மா முதல் ஆளாகக் காலை நீட்டியிருந்தாள்.

"மண்ணு வேணான்னுட்ட தாயே. அப்ப எத வைக்கிறது?"

ராக்கம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "தண்ணி. மஞ்சத் தண்ணி."

"ஒங் கையாலயா?"

எத்தனை முகங்கள். இல்லை என்று சொன்னால் மத்தியானத்துக்குள் மறுபடி சரிவுக்குப் போய்விடுவார்கள். காப்புக் கட்டியவள் கேட்டதை மறுக்கவும் கூடாது. அவள் தண்ணீரைச் சுட வைத்துக் கொண்டுவந்து குந்தினாள்.

சுப்பம்மாவின் காலில் மாதக்கணக்கில் அப்பிய மண் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடு கட்டியிருந்தது. ஊறவைத்து விரலால் பெயர்த்தாள். ஒவ்வொரு ஓட்டிலும் தன் புருசனின் எச்சில் இருந்தது என்ற நினைப்பை விலக்க முடியவில்லை. கடைசி ஓடு பெயர்ந்து வந்தபோது உள்ளே வெள்ளையாக இரண்டு மூன்று புழுக்கள் நெளிந்தன. நாற்றம் முகத்தில் அடித்தது. ராக்கம்மா திரும்பிக்கொண்டு ஓங்கரித்தாள். உடம்பு முழுவதும் குலுங்கியது.

"எறங்குறா! தாயி எறங்குறா!" என்று பின்னால் ஒருத்தி கத்தினாள். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். அன்றிலிருந்து அவளுடைய ஓங்கரிப்புதான் குறியாகிப்போனது. அவள் குமட்டாமல் கழுவிவிட்ட நாளில் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள்.

மழைக்காலம் முழுவதும் கழுவினாள். பழகிவிடும் என்று நினைத்தாள். பழகவில்லை. மண் விரதம் போனதால் அவளுக்குச் சோறு விலக்கில்லை; அதைப் பிசையும்போது விரல் இடுக்கில் அந்த வாடை வந்தது. இரண்டு பேர் காய்ச்சலில் செத்தார்கள். சுப்பம்மாவின் புண் ஓரங்களில் சிவந்து சுருங்கத் தொடங்கியது. ஒருநாள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது சுப்பம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஆறிருமாடி இது?"

வெகு நாளைக்குப் பிறகு ஒருத்தி அவளை 'டி' போட்டிருந்தாள். 

"ஆறும்க்கா."

"ஆறிட்டா?" சுப்பம்மா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இருக்கிற வரைக்கும் அவ என்னைய மறக்கலன்னு இருந்துச்சு. நாலையும் எடுத்துக்கிட்டு எனக்குன்னு இத ஒண்ணுதான் குடுத்தா. இதுவும் போயிட்டா எனக்கு என்னா இருக்கு?"

ராக்கம்மா துணியைச் சுற்றினாள். மறுநாள் அந்தப் புண்ணில் நகத்தால் கீறிய புதிய கோடுகள் இருந்தன. ராக்கம்மா அவற்றையும் கழுவினாள்.

ஆற்றில் தண்ணீர் இறங்கி, சாஹுல் ஹமீதின் வண்டி வந்தது. மண்டலம் முடிந்து காப்பை அவிழ்த்து ஓடையில் விட்டிருந்தார்கள். அது அவிழ்ந்த பிறகும் வாசலில் ஆட்கள் குறையவில்லை. ராக்கம்மா ஈரக் கையோடு ஸ்டோருக்கு ஓடினாள்.

"இருக்காரா நானா?"

"அல்ஹம்துலில்லாஹ், ஈக்கிறாரு. முதல்ல கஞ்சி, இப்ப சோறு. மொகத்தில வீக்கம் வத்தீட்டு. டாக்டர் இன்னும் ஒரு மாசம் வெச்சிருக்கச் செல்றாரு. மண்ணத் தொடுறதே இல்லையாம்."

அவள் அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கொஞ்சம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னையக் கேட்டாரா?"

"கேட்டாரே. தாயி நல்லா ஈக்கிறாளா, காப்பு அவுத்தாச்சா, சனம் ஒழுங்கா கும்புடுதான்னு கேட்டாரு."

"அது இல்ல நானா. ராக்கம்மாவ. என்னைய."

சாஹுல் ஹமீது வெற்றிலைப் பையைத் தேடுவதுபோல இடுப்பைத் தடவினார். பிறகு வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பேர அவரு செல்லல்ல தங்கச்சி."

அவள் திரும்பி நடந்தாள். லயத்து வாசலில் புதிதாக ஒருவன் வந்திருந்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரனாம். விசயம் கேள்விப்பட்டு நடந்தே வந்தவன். மண்ணும் சீழும் ஒட்டிப்போன துணியைக் காலிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டு, கண்ணை மூடிக் காலை நீட்டினான். ராக்கம்மா குனிந்தாள். வயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. சுற்றி இருந்த கைகள் எல்லாம் ஒன்றாக மேலே எழுந்தன.